பழைய கான்டெஸாவின் ஏசிக்கு எந்த கேஸ்?

கேள்வி சுருக்கமாக இது. 1993 மாடல் கான்டெஸா கார். வாங்கும்போதே ஏசி இருந்தது, கேஸ் ஆர்-12. பல வருடம் ஷெட்டில் நின்ற வண்டியை இப்போது எடுத்துச் சரிசெய்கிறார்கள். கம்ப்ரஸரைக் கையால் சுற்றினால் சுற்றுகிறது, ஆனால் உள்ளே கேஸ் இல்லை. மூன்று மெக்கானிக்குகள் மூன்று யோசனை சொல்லியிருக்கிறார்கள். 134ஏ கேஸை அப்படியே ஏற்றிவிடலாம் என்கிறார் ஒருவர். வீட்டு ஏசிக்குப் போடும் ஆர்-22 போட்டால் குளிர் அள்ளும் என்கிறார் இன்னொருவர். ஆயிலைக்கூட மாற்றத் தேவையில்லாத ஹைட்ரோகார்பன் கேஸ் இருக்கிறது என்கிறார் மூன்றாமவர். யார் சொல்வதைக் கேட்பது?

என் பதில்: 134ஏ போடுங்கள், ஆனால் அப்படியே ஏற்றாதீர்கள். கம்ப்ரஸர் ஆயில், டிரையர் (லைனிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் டப்பா), ஓ-ரிங் (ஜாயின்ட்டுகளில் இருக்கும் ரப்பர் வளையம்) மூன்றையும் மாற்றிவிட்டு ஏற்றுங்கள். நம் ஊர் வெயிலுக்கு கன்டென்சரையும் (கேஸின் சூட்டை வெளியேற்றும், வண்டியின் முன்னால் இருக்கும் காயில்) மாற்றிவிடுவது நல்லது. ஆர்-22 வேண்டாம். ஹைட்ரோகார்பன் காரில் வேண்டவே வேண்டாம். காரணங்களை விரிவாகவே சொல்கிறேன். காரணம் தெரிந்தால்தான் பட்டறையில் நின்று பேசி, வேண்டிய வேலையைச் செய்து வாங்க முடியும்.

ஆர்-12 என்பது டைகுளோரோ டைஃபுளோரோ மீத்தேன். 1928-ல் அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸுக்காகத் தாமஸ் மிட்க்லியின் குழு கண்டுபிடித்த குடும்பத்தைச் சேர்ந்தது. தீப்பிடிக்காது, நச்சு மிகக் குறைவு, சாதாரண மினரல் ஆயிலோடு நன்றாகக் கலக்கும், குறைந்த பிரஷரில் வேலை செய்யும். கார் ஏசிக்கு இவ்வளவு பொருந்திய கேஸ் அதற்குப் பிறகு வரவில்லை என்றே நினைக்கிறேன். பிரச்சினை அதிலுள்ள குளோரின். கசிந்து மேலே போனால் ஓசோன் படலத்தை அழிக்கிறது என்று 1974-ல் மொலினா, ரோலண்ட் என்ற விஞ்ஞானிகள் காட்டினார்கள். 1987-ல் இந்த வகைப் பொருள்களைக் குறைக்க மான்ட்ரியல் என்ற சர்வதேச ஒப்பந்தம் வந்தது, 1992-ல் இந்தியா சேர்ந்தது. புதிய சாதனங்களில் இந்த வகை கேஸைப் பயன்படுத்த 2003 ஜனவரி 1 முதல் இங்கே தடை. 2008-ல் ஆஸ்துமா இன்ஹேலர் போன்ற மருந்துத் தேவை தவிர மற்ற உற்பத்தியும் நின்றது. நம் மேட்டூரில் கெம்ப்ளாஸ்ட் ஆலையும் ஒரு காலத்தில் இந்த வகை கேஸைத் தயாரித்துக்கொண்டிருந்தது.

அதனால் இன்று யாராவது "ஒரிஜினல் ஆர்-12 இருக்கிறது" என்று சிலிண்டரைக் காட்டினால், அது பழைய இருப்பாக இருக்கலாம், வேறு வண்டியிலிருந்து இறக்கியதாக இருக்கலாம், போலியாகவும் இருக்கலாம். போலி என்றால் குளிர் கொஞ்சம் குறையும், அவ்வளவுதானே என்று விட்டுவிட முடியாது. மெத்தில் குளோரைடு கலந்த போலி கேஸ்கள் உலகச் சந்தையில் சுற்றியிருக்கின்றன. அது அலுமினியத்தோடு வினைபுரிந்து, காற்றுப் பட்டதும் தானாகத் தீப்பற்றும் பொருளை உண்டாக்கும். 2011-ல் இப்படிப்பட்ட போலி கேஸ் ஏற்றிய குளிர்சாதனக் கப்பல் கன்டெய்னர்கள் வெடித்து ஆட்கள் இறந்தார்கள். கார் ஏசியில் கன்டென்சர், கம்ப்ரஸர் பாடி எல்லாம் பெரும்பாலும் அலுமினியம்தான். ஆகவே கேஸ் எதுவானாலும், தெரிந்த கம்பெனியின் சீல் உடைக்காத டின்னோ சிலிண்டரோ பில்லோடு வாங்குங்கள். சிலிண்டரின் நிறத்தை நம்ப வேண்டாம். முன்பு ஆர்-12க்கு வெள்ளை, ஆர்-22க்கு இளம்பச்சை, 134ஏ-க்கு வெளிர்நீலம் என்று வழக்கம் இருந்தது. பெயின்ட் அடிப்பது எவருக்கும் கஷ்டமில்லை.

இதே மாதிரி வண்டி வைத்திருந்து, அதில் ஆர்-12 இன்னும் நிறைவாக இருந்து குளிர்ச்சியும் நன்றாக இருந்தால், எதையும் மாற்றாதீர்கள். அப்படியே ஓட்டுங்கள். மாற்றுவது கேஸ் போன பிறகு யோசிக்க வேண்டிய விஷயம்.

சரி, 134ஏ-க்கு வருவோம். 1990களில் உலகம் முழுவதும் கார் கம்பெனிகள் ஆர்-12க்குப் பதிலாக எடுத்துக்கொண்டது இதைத்தான். குளோரின் இல்லை, அதனால் ஓசோனுக்குக் கேடில்லை. தீப்பிடிக்கும் பயமும் நடைமுறையில் இல்லை. ஊரில் எந்த ஏசி பட்டறையிலும் கிடைக்கும். இரண்டு கேஸும் ஏறத்தாழ ஒரே மாதிரிதான் நடந்துகொள்ளும், ஆனால் அந்த "ஏறத்தாழ"வுக்குள் இருக்கும் வித்தியாசம்தான் நமக்கு முக்கியம். கூலிங் காயிலில் கேஸ் 0 டிகிரியில் ஆவியாகும்போது ஆர்-12 பிரஷர் கேஜில் 30 பிஎஸ்ஐ (அழுத்தத்தின் அளவு) காட்டும், 134ஏ 28 காட்டும். கன்டென்சர் 60 டிகிரிக்குச் சூடாகும்போது ஆர்-12 சுமார் 205, 134ஏ சுமார் 230. அதாவது 134ஏ குளிர் பக்கத்தில் கொஞ்சம் தாழ்ந்தும் சூட்டுப் பக்கத்தில் கொஞ்சம் உயர்ந்தும் நிற்கிறது. கம்ப்ரஸர் அதே வேலைக்குக் கூடுதலாக அழுத்த வேண்டும். கன்டென்சர் இன்னும் சூடேற ஏற இந்த இடைவெளியும் கூடிக்கொண்டே போகும். சித்திரை வெயிலில், சிக்னலில் நிற்கும்போது கன்டென்சர் 70 டிகிரியைத் தொட்டால் ஆர்-12 260 பிஎஸ்ஐ, 134ஏ 290 பிஎஸ்ஐ. குளிர்நாடுகளில் இந்த வித்தியாசத்தைக் கவனிக்காமலே பலர் வண்டி ஓட்டிவிடுகிறார்கள். மதுரையிலும் வேலூரிலும் அது முடியாது.

பிரஷரைவிட முக்கியமானது ஆயில். கம்ப்ரஸருக்கு என்ஜின் மாதிரி தனி ஆயில் பம்ப்போ கீழே பெரிய ஆயில் தொட்டியோ பெரும்பாலும் கிடையாது. ஆயில் கேஸோடு சேர்ந்து கன்டென்சர், டிரையர், கூலிங் காயில் எல்லாம் சுற்றிவிட்டுத் திரும்பக் கம்ப்ரஸருக்கு வர வேண்டும். ஆர்-12 மினரல் ஆயிலைக் கரைத்துத் தன்னோடு கொண்டுவந்துவிடும். 134ஏ-யில் மினரல் ஆயில் கரையாது. குளிர்ந்த கூலிங் காயிலின் அடியில் போய்த் தங்கிவிடும். முதல் நாள் ஏசி நன்றாகத்தான் குளிரும். அதனால்தான் "அப்படியே போட்டேன், ஒன்றும் ஆகவில்லை" என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். கொஞ்ச காலம் போன பிறகு கம்ப்ரஸர் சத்தம் போடும், அப்புறம் இறுகி நிற்கும், அதற்குள் அரைத்த அலுமினியத் தூள் லைன் முழுவதும் பரவியிருக்கும். அந்த நிலையில் கம்ப்ரஸர் மட்டும் மாற்றினால் போதாது, எல்லாவற்றையும் இறக்க வேண்டிவரும். கம்ப்ரஸர் நன்றாக இருக்கும் இந்த நேரத்திலேயே ஆயிலை மாற்றிவிட்டால் அந்தப் பெரிய செலவு மிச்சம்.

134ஏ-யோடு ஒத்துப்போகும் ஆயில் இரண்டு வகை. ஒன்று பிஏஜி, இன்னொன்று எஸ்டர். புதிய வண்டிகளுக்கு பிஏஜி நல்லது. உங்கள் வண்டிக்கு நான் எஸ்டர்தான் சொல்வேன். பழைய லைனில் எவ்வளவு கழுவினாலும் மினரல் ஆயிலும், ஆர்-12 விட்டுப்போன குளோரைடு மிச்சங்களும் கொஞ்சம் இருக்கும். சாதாரண பிஏஜி இவற்றோடு சேர்ந்தால் கெடும். எஸ்டர் இதைத் தாங்கிக்கொள்ளும். இரண்டுமே காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும், பிஏஜி இன்னும் வேகமாக. ஆகவே பட்டறையில் பாதி திறந்து எத்தனையோ நாளாக அலமாரியில் இருக்கும் ஆயில் பாட்டிலை உங்கள் வண்டிக்கு ஊற்ற விடாதீர்கள். புது டப்பா வாங்கிக் கொடுத்து, கண் முன்னால் திறக்கச் சொல்லுங்கள். கம்ப்ரஸரைக் கழற்றி, கவிழ்த்து, தண்டைக் கையால் சுற்றிப் பழைய ஆயிலை முழுக்க வடிக்க வேண்டும். எவ்வளவு ஊற்றுவது என்பது கம்ப்ரஸர் மாடலைப் பொறுத்தது. அதன் லேபிளில் மாடல் எண் இருக்கும், அதற்குரிய அளவைப் பார்த்து ஊற்றச் சொல்லுங்கள். கூடுதலாக ஊற்றினாலும் நல்லதில்லை. மிகுந்த ஆயில் காயில் சுவரில் படிந்து குளிர்ச்சியைக் குறைக்கும்.

டிரையரில் யோசிக்கவே வேண்டாம், மாற்றியே ஆக வேண்டும். அதற்குள் ஈரம் உறிஞ்சும் மணிகள் இருக்கின்றன. ஆர்-12 காலத்து மணிகள் 134ஏ-க்கும் புது ஆயிலுக்கும் பொருந்துபவை அல்ல. அதோடு கேஸ் போய் வருடக்கணக்கில் நின்ற வண்டியில் அவை காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி ஏற்கெனவே நிறைந்துபோயிருக்கும். எக்ஸ்எச்-7 அல்லது எக்ஸ்எச்-9 வகை மணி போட்ட டிரையர் கேளுங்கள். கடைக்காரருக்கு அந்தப் பெயர் தெரியாவிட்டால் "134ஏ டிரையர்" என்றால் போதும். அதன் மூடிகளைப் பொருத்தும் நிமிடம் வரை கழற்றக் கூடாது.

ஓ-ரிங்குகளை, கழற்றும் ஒவ்வொரு ஜாயின்ட்டிலும் மாற்றுங்கள். எச்என்பிஆர் என்ற ரப்பரில் செய்தது வேண்டும். பெரும்பாலும் பச்சை நிறத்தில் வரும். மாட்டும்போது அதே எஸ்டர் ஆயிலை மேலே தடவி மாட்ட வேண்டும். ஹோஸ் விஷயத்தில் ஆட்கள் இரண்டு விதமாகப் பேசுவார்கள். 134ஏ மூலக்கூறு சிறியது, பழைய ரப்பர் ஹோஸ் சுவர் வழியாகவே மெல்லக் கசியும் என்பது உண்மை. ஆனால் பல வருடம் மினரல் ஆயில் ஊறிய ஹோஸ் இந்தக் கசிவைக் கொஞ்சம் தடுக்கிறது என்பதும் பார்த்த விஷயம். புது ஹோஸில் உள்ளே நைலான் அடுக்கு இருக்கும், அதில் இந்தப் பிரச்சினை இல்லை. உங்கள் வண்டி 30 வருடம் தாண்டியது. ரப்பர் வெடித்திருக்கும், மடக்கினால் கோடு விழும். பழைய முனைகளை வைத்துப் புது ஹோஸ் கிரிம்ப் செய்து கொடுக்கும் கடைகள் பெரிய ஊர்களில் இருக்கின்றன. மாற்றிவிடுங்கள்.

இனி கன்டென்சர். வெப்ப ஊரில் ஆர்-12 வண்டியை 134ஏ-க்கு மாற்றியவர்கள் "முன்பு மாதிரி குளிரவில்லை" என்று சொல்வதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். அந்தக் காலத்து கன்டென்சர் ஒரே நீளக் குழாயை மடித்து மடித்துச் செய்தது. ஆர்-12க்கு அது போதும். 134ஏ-யை அதே வெயிலில் திரவமாக்க இன்னும் அதிக வெப்பத்தை வெளியே தள்ள வேண்டும். பேரலல் ஃப்ளோ என்ற வகையில் தட்டையான குழாய்கள் பல பக்கம்பக்கமாக ஓடும், அதே அளவு இடத்தில் கணிசமாகக் கூடுதல் வெப்பத்தை வெளியேற்றும். கான்டெஸாவுக்கென்றே செய்தது கிடைப்பது கடினம், ஆனால் அளவு பார்த்து யுனிவர்சல் கன்டென்சர் வாங்கி பிராக்கெட் வெல்டு செய்து பொருத்தலாம். முன்கிரில்லின் இடம் விசாலமானது, அதுவே இந்த வண்டியின் வசதி. அதோடு முன்னால் ஒரு எலக்ட்ரிக் ஃபேன் வைத்து, ஏசி போட்டதும் ஓடும்படி ரிலே வழியாக இணைக்கச் சொல்லுங்கள். என்ஜின் ஃபேன் ஐடிலிங்கில் மெதுவாகச் சுற்றும், நமக்குக் காற்று தேவைப்படுவதோ அப்போதுதான். ரேடியேட்டருக்கும் பானட்டுக்கும் இடையிலுள்ள சந்துகளை ரப்பர் பட்டையால் அடையுங்கள். இல்லாவிட்டால் என்ஜின் பக்கத்துச் சூடான காற்று சுற்றிவந்து மறுபடியும் கன்டென்சருக்குள் போகும். மிகச் சின்ன வேலை, ஆனால் சிக்னலில் நிற்கும்போது வித்தியாசம் தெரியும்.

ஹை பிரஷர் சுவிட்ச் உங்கள் லைனில் இருக்கிறதா என்று பாருங்கள். பழைய வண்டிகள் பலவற்றில் இருக்காது. பிரஷர் எல்லை மீறினால் கம்ப்ரஸரை என்ஜினோடு இணைக்கும் கிளட்ச்சைத் துண்டிப்பது இதன் வேலை. 134ஏ-க்கு மாறும்போது இது கண்டிப்பாக வேண்டும். எக்ஸ்பான்ஷன் வால்வையும் (கூலிங் காயிலுக்குள் கேஸை அளந்து விடும் வால்வு) லைன் திறந்திருக்கும்போதே 134ஏ-க்குரியதாக மாற்றிவிடலாம், விலை பெரிதில்லை.

மற்ற இரண்டு யோசனைகளுக்கு வருகிறேன். ஆர்-22 மிக அதிக பிரஷரில் ஓடும் கேஸ். மேலே சொன்ன அதே 60 டிகிரியில் அது 335 பிஎஸ்ஐ, 70 டிகிரியில் 420 பிஎஸ்ஐ. வீட்டு ஏசியின் செப்புக் குழாயும், மூடிய கம்ப்ரஸரும் அதற்கென்றே செய்தவை. காரின் ரப்பர் ஹோஸும், தண்டு வெளியே வரும் கம்ப்ரஸரின் சீலும், கிளட்ச்சும் அதற்குச் செய்தவை அல்ல. பழைய ஹோஸ் ரப்பர் ஆர்-22ல் ஊறி உப்பும். முதல் வாரம் குளிர் அள்ளும் என்பது பொய்யில்லை. பிறகு ஹோஸ் வெடிக்கும், அல்லது தண்டு சீல் போகும். ஓசோனைக் கெடுக்கும் கேஸ் என்பதால் அதுவும் படிப்படியாக நிறுத்தப்பட்டு வருகிறது.

ஹைட்ரோகார்பன் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். அதை விற்பவர் சொல்லும் நல்ல விஷயங்கள் எல்லாமே உண்மை. புரோப்பேன், ஐசோபியூட்டேன் கலவை ஆர்-12 மாதிரியே நடந்துகொள்ளும், மினரல் ஆயிலோடு கலக்கும், பிரஷர் குறைவு, நன்றாகக் குளிரும், ஓசோனுக்கும் பூமிச் சூட்டுக்கும் கேடு மிகக் குறைவு. இன்றைய வீட்டு ஃபிரிட்ஜ்களில் ஐசோபியூட்டேன்தான் இருக்கிறது. பிறகு ஏன் வேண்டாம் என்கிறேன்? ஃபிரிட்ஜில் இருக்கும் அளவு சில பத்து கிராம், முழுவதும் வெல்டு செய்து மூடிய லைன், அசையாமல் ஓரிடத்தில் நிற்கும் பெட்டி. காரில் ரப்பர் ஹோஸ் இருக்கிறது, சுற்றும் தண்டின் சீல் இருக்கிறது, நாள் முழுக்க அதிர்வு இருக்கிறது. கன்டென்சர் பம்பருக்குப் பின்னால், மோதினால் முதலில் உடையும் இடத்தில் இருக்கிறது. கூலிங் காயிலோ நீங்கள் உட்கார்ந்திருக்கும் அறைக்குள்ளேயே டாஷ்போர்டுக்கு அடியில் இருக்கிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 900 கிராம் ஆர்-12 பிடிக்கும் வண்டிக்கு இந்தக் கலவை 350 கிராம் அளவுக்குப் போகும். காற்றில் சுமார் 2 சதவீதம் கலந்தாலே இது தீப்பற்றும் நிலைக்கு வரும். காரின் உள்ளறை 3 கன மீட்டர் என்று வைத்தால், 100 முதல் 130 கிராம் கசிந்தால் அந்த நிலை வந்துவிடும். அதாவது ஏற்றிய கேஸில் மூன்றில் ஒரு பங்கு போதும். கண்ணாடி ஏற்றி நிறுத்திய வண்டியில், இரவெல்லாம் கூலிங் காயில் கசிந்திருக்க, காலையில் ஏறி உட்கார்ந்து ஒருவர் சிகரெட் பற்றவைத்தால், அல்லது பழைய புளோயர் மோட்டார் ஒரு தீப்பொறி விட்டால் என்ன ஆகும்? அமெரிக்காவின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, ஆர்-12 கார்களில் இந்த வகை எரியும் கேஸ்களை மாற்றாகப் போடுவதை 1990களிலேயே தடைசெய்தது. சமையல் சிலிண்டரிலிருந்து நேராக எல்பிஜி ஏற்றுகிறவர்களும் உண்டு. அது இன்னும் மோசம். அதில் புரோப்பேன், பியூட்டேன் விகிதம் நிலையாக இருக்காது, ஈரம் இருக்கலாம், வாசனைக்காகச் சேர்த்த கந்தகப் பொருளும் இருக்கும். குடும்பத்தோடு ஏறும் வண்டியில் இதைச் செய்ய நான் எந்தச் சூழ்நிலையிலும் சொல்ல மாட்டேன்.

இடையில் ஆர்-406ஏ, ஆர்-409ஏ போன்ற கலவைகளையும் யாராவது சொல்லலாம். ஆர்-22ஐயும் வேறு கேஸ்களையும் கலந்து ஆர்-12க்கு நெருங்கிய பிரஷர் வரும்படி செய்தவை. கசியும்போது ஒரு கேஸ் முந்திப் போய்விடும், மிச்சமிருப்பது வேறு கலவையாகிவிடும், பிறகு மேலே கொஞ்சம் ஏற்றினால் என்ன இருக்கிறது என்றே யாருக்கும் தெரியாது. பழைய வண்டியில் கசிவு இல்லாமல் இருக்காது என்பதால் இவை நமக்கு ஒத்துவராது. புதிய கார்களில் வரும் 1234ஒய்எஃப் பற்றிக் கேட்டால், அது பூமிச் சூட்டைக் கூட்டுவது மிகக் குறைவு என்பதால் ஐரோப்பாவில் 2017 முதல் பெரும்பாலான புதுக் கார்களில் 134ஏ-யின் இடத்துக்கு வந்துவிட்டது. லேசாகத் தீப்பற்றும் தன்மை உண்டு, விலை பல மடங்கு, உங்கள் வண்டியில் போடுவதால் குளிர்ச்சியும் கூடாது. விட்டுவிடுங்கள்.

இந்த இடத்தில் ஒரு நியாயமான சந்தேகம் வரும்: 134ஏ-யும் நிறுத்தப்படப் போகிறதே, இவ்வளவு செலவு செய்து மாற்றியபின் அதுவும் கிடைக்காமல் போனால்? 134ஏ கார்பன் டை ஆக்சைடைவிட 1,430 மடங்கு பூமியைச் சூடாக்கும் கேஸ், அதனால் மான்ட்ரியல் ஒப்பந்தத்துக்கு 2016-ல் வந்த கிகாலி திருத்தத்தில் அதையும் குறைக்க ஒப்புக்கொண்டார்கள். இந்தியா 2021-ல் ஏற்றுக்கொண்டது. ஆனால் நமக்கான அட்டவணைப்படி 2028-ல் அளவு அதற்கு மேல் கூடாமல் நிறுத்தப்படுகிறது, 2032-ல் 10 சதவீதக் குறைப்பு, 85 சதவீதக் குறைப்பு 2047-ல்தான். ரோட்டில் ஓடும் கோடிக்கணக்கான கார்களுக்குச் சர்வீஸ் கேஸ் வேண்டும். உங்கள் கான்டெஸாவின் தேவைக்குக் கவலைப்பட வேண்டியதில்லை.

வேலை நடக்கும் விதத்தைச் சொல்கிறேன். யாருடைய வண்டியிலாவது ஆர்-12 கொஞ்சமாவது மிச்சம் இருந்தால், அதைத் திறந்துவிட்டு வெளியேற்றக் கூடாது. ரெகவரி மெஷின் உள்ள பட்டறையில் இறக்க வேண்டும். ஒரு கிலோ ஆர்-12 காற்றில் போவது சுமார் 4,700 லிட்டர் பெட்ரோல் எரித்த அளவுக்குப் பூமியைச் சூடாக்கும், ஓசோன் கேடு தனி. அருகில் நெருப்பும் கூடாது. ஆர்-12 தீயில் பட்டால் ஃபாஸ்ஜீன் என்ற நச்சுவாயு உண்டாகும்.

அடுத்து லைனைக் கழுவுவது. கம்ப்ரஸர், டிரையர், எக்ஸ்பான்ஷன் வால்வு மூன்றையும் கழற்றிவிட்டு, குழாய்களையும் கூலிங் காயிலையும் ஏசிக்கென்று வரும் ஃபிளஷ் திரவத்தால் கழுவி, நைட்ரஜனால் ஊதி உலர்த்த வேண்டும். பெட்ரோல், தின்னர், மண்ணெண்ணெய் எதுவும் கூடாது, அவற்றின் மிச்சம் புது ஆயிலைக் கெடுக்கும்.

எல்லாம் மாட்டியதும் உலர்ந்த நைட்ரஜனை 150 பிஎஸ்ஐ ஏற்றி சோப்பு நுரை வைத்து ஒவ்வொரு ஜாயின்ட்டையும் பார்க்கச் சொல்லுங்கள். அரை மணி நேரமாவது முள் அசையாமல் நிற்க வேண்டும். நைட்ரஜன் சிலிண்டர் இல்லாத பட்டறையில் சிலர் டயருக்குக் காற்று அடிக்கும் கம்ப்ரஸரை இணைப்பார்கள், ஈரம் முழுக்க உள்ளே போய்விடும். ஆக்ஸிஜன் சிலிண்டரை இணைப்பது உயிருக்கே ஆபத்து, அழுத்தமான ஆக்ஸிஜன் ஆயிலோடு சேர்ந்தால் வெடிக்கும். வேக்யூம் போட்டு முள் நிற்கிறது, அதனால் லீக் இல்லை என்று சொல்வதையும் ஏற்காதீர்கள். வேக்யூமில் லைன் மேல் இருக்கும் வித்தியாசம் ஒரு வளிமண்டல அழுத்தம், சுமார் 15 பிஎஸ்ஐ மட்டும். ஓடும்போது ஹை சைடில் (கம்ப்ரஸரிலிருந்து கன்டென்சருக்குப் போகும், பிரஷர் கூடிய பக்கம்) அது 200-க்கு மேல். நைட்ரஜனில் தேறிய பிறகு வேக்யூம் பம்ப்பை 45 நிமிடமாவது ஓட விடுங்கள். நின்ற வண்டியின் ஈரம் வெளியேற அந்த நேரம் வேண்டும்.

கேஸ் ஏற்றும் முனைகளில் 134ஏ அடாப்டர் போடுங்கள். லோ சைடுக்கு 13 மில்லிமீட்டர், ஹை சைடுக்கு 16 மில்லிமீட்டர் அளவில் தனித்தனியாக வரும். இதைப் போட்டுவிட்டால் பின்னாளில் யாரும் தவறிப்போய் வேறு கேஸை இணைக்க மாட்டார்கள்.

அளவுதான் பெரும்பாலான பட்டறைகளில் தவறும் இடம். 134ஏ, ஆர்-12ஐவிடக் குறைவாக, எடையில் 80 முதல் 90 சதவீதம்தான் பிடிக்கும். பானட்டுக்கு உள்ளே ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் 900 கிராம் என்று இருந்தால், முதலில் 700 கிராம் ஏற்றி நிறுத்த வேண்டும். பிறகு 50 கிராமாகக் கூட்டிப் பார்க்க வேண்டும். இதற்கு எடைத் தராசு இருந்தே ஆக வேண்டும், "கேஜைப் பார்த்தே போடுவேன்" என்பவரிடம் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள். இன்னொன்று, ஆர்-12 காலத்து மெக்கானிக்குகள் டிரையர் மேலிருக்கும் கண்ணாடியில் குமிழி மறையும் வரை கேஸ் ஏற்றிப் பழகியவர்கள். 134ஏ-யில் அந்தக் கண்ணாடியை நம்பக் கூடாது. குமிழி முழுக்க மறையும் நேரத்தில் பெரும்பாலும் அளவு மிஞ்சியிருக்கும். கன்டென்சரை மாற்றியிருந்தால் ஸ்டிக்கர் கணக்கும் கொஞ்சம் மாறும், அதனால்தான் 50 கிராமாகக் கூட்டச் சொல்கிறேன்.

எப்போது நிறுத்துவது? வண்டியை நிழலில் நிறுத்தி, என்ஜினை 1,500 ஆர்பிஎம்மில் வைத்து, கதவுகளைத் திறந்து, புளோயரை முழு வேகத்தில் விடுங்கள். நடு வென்ட்டில் ஒரு தெர்மாமீட்டர் செருகுங்கள். வெளியே 38 டிகிரி இருந்தால் ஹை சைடு 220 முதல் 250 பிஎஸ்ஐக்குள் நிற்க வேண்டும். கேஸ் கூட்டக் கூட்ட வென்ட் வெப்பம் இறங்கிக்கொண்டே வரும், ஒரு கட்டத்தில் இறங்குவது நிற்கும். அதோடு நிறுத்துங்கள். அதற்கு மேல் ஏற்றினால் ஹை சைடு மட்டும் ஏறும், காற்று மறுபடி சூடாகத் தொடங்கும். ஓட்டும்போது குளிர்ந்து, சிக்னலில் சூடானால் ஃபேன் அல்லது கன்டென்சர் போதவில்லை, அல்லது கேஸ் கூடிப்போயிருக்கிறது. பிரஷர்கள் எல்லாம் சரியாக இருந்தும் குளிரவில்லை என்றால் ஹீட்டர் வால்வைப் பாருங்கள். பழைய வண்டிகளில் அது முழுக்க மூடாமல், ரேடியேட்டரின் சுடுதண்ணீர் டாஷ்போர்டுக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். அந்த ஹோஸைத் தற்காலிகமாகக் கிளிப் போட்டு நெரித்துப் பார்த்தால் உடனே தெரிந்துவிடும்.

முடிந்ததும் என்ன கேஸ், எத்தனை கிராம், என்ன ஆயில், எந்தத் தேதி என்று எழுதி பழைய ஆர்-12 ஸ்டிக்கரை மூடி ஒட்டுங்கள். அடுத்து கை வைக்கும் மெக்கானிக் அதைப் பார்த்துத்தான் ஆயில் ஊற்றுவார். வண்டி நிற்கும் நாட்களிலும் வாரத்துக்கு ஒருமுறை பத்து நிமிடம் ஏசியை ஓட விடுங்கள். தண்டு சீல் ஆயிலில் நனைந்திருந்தால்தான் கசியாது, மழைக்காலத்திலும் இதை விட்டுவிடாதீர்கள்.